கேதரின் யாரு ஜாடை

குருண் பாசாரில் மீன் விற்கிற சீனர் சனிக்கிழமைதோறும் அதே தப்பைச் செய்வார். அகத்தா குனிந்து கெம்போங் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் அவளை விட்டுவிட்டு, பக்கத்தில் கூடையோடு நிற்கும் கேதரினிடம் ஹொக்கியேன் சீனத்தில் விலை சொல்வார். பத்து வயது கேதரின் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தமிழில் திருப்பிக் கேட்பாள்.

"நேத்து மீன இன்னிக்கு வெலைக்கு விக்கிறீங்களா?"

அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் திட்டு எந்தப் பாஷையில் வந்தாலும் திட்டுதானே. அசடு வழிய அகத்தாவைப் பார்த்து, "அனாக் சியாப்பா?" என்பார். யார் பிள்ளை இது?

"அனாக் சாயா," என்பாள் அகத்தா. என் பிள்ளை.

அவர் அகத்தாவின் கெட்டிக் கறுப்பைப் பார்ப்பார், கேதரினின் மஞ்சள் முகத்தைப் பார்ப்பார், சிரித்துக்கொண்டே இரண்டு மீன் கூடப் போடுவார். அகத்தா மீனை வாங்கிக்கொள்வாள். சிரிப்பை வாங்கிக்கொள்ள மாட்டாள்.

இதில் மறைக்க ஒன்றும் இல்லை. கரங்கானுக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் அகத்தாவும் அவள் புருஷன் ஏசுதாசனும் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில் அவர்களுக்கு ஒரு பையன் பிறந்தான். ஞானஸ்நானம் கொடுக்கச் சாமியார் வருவதற்குள் போய்விட்டான். பிள்ளை போனது மாருக்குத் தெரியுமா? அது பாட்டுக்குச் சுரந்தது. அகத்தா துணியை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அந்த வாரத்தில், தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் ஒரு துண்டில் சுற்றிய குழந்தையோடு வாசலில் வந்து நின்றார். தோட்டத்து எல்லையில் காய்கறி போடும் சீனர் வீட்டுப் பெண் குழந்தை. அது புலி வருஷம். புலி வருஷத்தில் பிறந்த பெண் வீட்டையே விழுங்கிவிடும் என்று அவர்கள் ஜோசியன் சொல்லிவிட்டானாம்.

"நம்ம ஜோசியன் மூலம்னு சொல்றான், அவங்க ஜோசியன் புலிங்கிறான். பொம்பளப் புள்ளன்னா மட்டும் எல்லா ஜோசியனுக்கும் வாய் நீளுது," என்று சொல்லிவிட்டு அகத்தா கையை நீட்டினாள்.

டிரெசர் ஒரே ஒரு பேச்சு பேசினார். கொடுத்த பிறகு அந்தப் பக்கத்திலிருந்து யாரும் பார்க்க வரமாட்டார்கள், இவர்களும் காட்டப் போகக்கூடாது. "யாரு காட்டப் போறா?" என்றாள் அகத்தா. குழந்தை அதற்குள் மாரைக் கவ்விவிட்டது.

சில வருஷம் கழித்து ஏசுதாசனுக்கு குருணில் ஒரு பேக்டரியில் காவல் வேலை கிடைத்தது. குடும்பம் டவுன் பக்கம் வந்துவிட்டது. கேதரின் கோயிலில் தமிழ்ப் பூசைக்குப் பாடினாள், ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கினாள், கணக்கில் நூறு வாங்கினாள். அகத்தாவுக்கு ஒரு குறையும் இல்லை. ஒன்றே ஒன்றைத் தவிர. அதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளிக்கு நாலு பிள்ளைகள். சாயந்திரம் வேலியோரம் வந்து நின்றால் அவளுக்கு இதே பேச்சுதான். பெரியவன் அப்பன் ஜாடை, மூக்கு மட்டும் என் மூக்கு. சின்னவள் நடக்கிறதைப் பாரு, அவங்க அத்தை ஜாடை. ஒன்றுக்கும் உதவாத பேச்சு. உலையில் போட்டால் வேகாது. ஆனாலும் அந்தப் பேச்சு வரும்போது அகத்தாவுக்கு உள்ளே ஏதோ ஒரு இடம் வறண்டு போகும். கேதரினைப் பார்த்து அறிவுள்ள பெண் என்பார்கள், அழகான பெண் என்பார்கள், வாய் ஜாஸ்தி என்றும் சொல்வார்கள். உன் ஜாடை என்று ஒரு வாய், ஒரே ஒரு தடவை, தப்பித் தவறியாவது சொல்லியிருக்கிறதா? இல்லை. எப்படிச் சொல்லும்? கண் இருக்கிறதே எல்லாருக்கும்.

எண்பத்திரண்டில் கேதரின் பினாங்கு யுனிவர்சிட்டிக்குப் போனாள். முதலில் வாரக் கடைசிகளில் வந்தாள், பிறகு மாதத்துக்கு ஒரு முறை, பிறகு விசேஷங்களுக்கு. படிப்பு முடிந்தும் அங்கேயே ஒரு பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் இருந்துவிட்டாள். மூன்று பேருக்கு அரிசி அளந்து பழகின கை அகத்தாவுடையது; இரண்டு பேருக்கு அளக்கும்போது ஒவ்வொரு முறையும் ஒரு பிடியைத் திரும்ப அரிசிப் பானையில் கொட்ட வேண்டியிருந்தது. பஸ் நிறுத்தத்தின் பக்கம் போகிற வேலை இல்லாவிட்டாலும் வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பக்கமாகவே கடைக்குப் போவாள்.

"சுத்து வழில்ல அது," என்பார் ஏசுதாசன்.

"கால் என்னோடது. நீங்க பேப்பரப் படிங்க."

எண்பத்தேழு கிறிஸ்துமஸுக்குக் கேதரின் வந்தபோது பையை இறக்கி வைத்ததும் பேசவில்லை. அது நல்லதற்கில்லை என்று அகத்தாவுக்குத் தெரியும். பசியாறி முடித்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ம்மா, ரெண்டு விஷயம். நியூசிலாந்துல மேல படிக்க எடம் கெடைச்சிருக்கு. பிப்ரவரில போகணும்."

"நியூசிலாந்தா? ஆட்டுக்கறியும் வெண்ணெயும் வருமே, அந்த ஊரா?"

"அந்த ஊருதான்."

"இன்னொன்னு?"

கேதரின் தட்டைப் பார்த்தாள். "பட்டர்வொர்த் பஸ் ஸ்டாண்டுல ஒருத்தரு வந்து எங்கிட்ட ஹொக்கியேன்ல பேசினாரு. எனக்குப் புரியலன்னு மலாய்ல சொன்னேன். அவரு போகல. என் தங்கச்சி மொகமே ஒனக்குன்னாரு. அச்சுல வார்த்த மாதிரின்னாரு. எந்த ஊருன்னாரு, எந்த வருஷம் பொறந்தேன்னாரு. கரங்கான்ல காய்கறித் தோட்டமாம். பேரு ஆ செங். அவங்கம்மாவுக்கு ஒடம்பு சரியில்லையாம். ஒரு தடவ பாக்கணுங்கிறாங்களாம்."

ஏசுதாசன் பேப்பரை மடித்தார். அகத்தா தட்டுகளை எடுத்தாள்.

"நீ வேணாம்னா போகல," என்றாள் கேதரின்.

"நான் எதுக்கு வேணாங்கணும்? பெத்தவ கூப்புடுறா. போயிட்டு வா."

"நீயும் வரணும்."

"நான் எதுக்கு? காவலுக்கா?"

குழாயடியில் தட்டு கழுவும் சத்தம் வழக்கத்தைவிடப் பெரிதாகக் கேட்டது. ஜாடை காட்டிக் கொடுத்துவிட்டது என்று அகத்தா நினைத்துக்கொண்டாள். இத்தனை வருஷம் யாரும் பேச்சு மீறவில்லை, யாரும் வந்து பார்க்கவில்லை. வழியில் போகிற ஒருவன் முகத்தைப் பார்த்து, என் தங்கச்சி என்று சொல்லிவிட்டானே. தான் பஸ் ஸ்டாண்டில் அவள் பக்கத்திலேயே நின்றிருந்தாலும் அவன் தன்னைத் தாண்டித்தான் அவளிடம் போயிருப்பான்.

மறுநாள் கெராங் வாங்கி வந்தாள். இரண்டு ஓடும் மூடியிருக்கிற சின்னச் சிப்பி. சேறு போகத் தேய்த்துக் கழுவ வேண்டும். தாயும் மகளும் பின்கட்டில் வாளியை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பேச்சு வேண்டுமே என்று அகத்தா கேட்டாள்.

"அங்க என்னாதான் செய்யிற நீ? கிருமி வளக்கிறேங்கிற. வீட்டுல நாங்க கிருமிய ஒழிக்க டெட்டால் வாங்குறோம்."

கேதரின் சிரித்தாள். வாய் திறந்திருந்த ஒரு கெராங்கை எடுத்துத் தட்டினாள். அது மெல்ல மூடிக்கொண்டது. "இத வச்சே சொல்லலாம். நான் வளக்கிற கிருமிக்கு ரெண்டு தோலு. ரெண்டுக்கும் நடுவுல சந்து. அந்தச் சந்துல ஒரு புரதம் மெதந்துக்கிட்டு இருக்கும். இந்தச் சிப்பி மாதிரி ரெண்டு பக்கம், நடுவுல கீல். சர்க்கரை வந்து உள்ள பட்டதும் மூடிக்கும். புடிச்சிட்டுப் போயி உள்தோலு வாசல்ல குடுத்துடும். திரும்பத் தொறந்துக்கிட்டு அடுத்ததுக்கு வரும்."

"கூலியாளு."

"கூலியாளுதான். இப்ப நம்ம ரத்தத்துல இரும்புச்சத்தத் தூக்கிட்டுப் போற புரதம் ஒண்ணு இருக்கு. தாய்ப்பால்லயும் அதே வகை ஒண்ணு. பால்ல உள்ளதோட உருவத்த இந்த வருஷம் நியூசிலாந்துல கண்டுபுடிச்சிட்டாங்க. அது ரெண்டு பாதியா இருக்கு. ஒவ்வொரு பாதியும் பாத்தா, கிருமியோட கூலியாளு மாதிரியே, ரெண்டு பக்கம், நடுவுல பள்ளம், அந்தப் பள்ளத்துல இரும்பு. அதான் ம்மா ஆச்சரியம். கிருமி எங்க, மனுஷன் எங்க?"

"ஒரே பண்டமா ரெண்டும்?"

"இல்ல. அதான் வேடிக்கை." கேதரின் எழுந்து போய் அகத்தாவின் ஜெபமாலையையும் தன் பாசிமணி மாலையையும் கொண்டு வந்தாள்.

"கெராங் கையோட ஜெபமாலையத் தொடாத!"

"கழுவிட்டேன்மா. பாரு, புரதம்னா மணி கோத்த மாதிரி. இதுல உள்ள மணி வேற, அதுல உள்ள மணி வேற. வரிசையா வச்சுப் பாத்தா ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல." இரண்டையும் பலகையில் ஒரே மாதிரி சுருட்டி வைத்தாள். "ஆனா மடிஞ்சு சுருண்டு கெடக்கிறது ஒரே மாதிரி."

அகத்தா இரண்டு மாலைகளையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். கையிலிருந்த சிப்பியைத் தேய்க்க மறந்துபோனாள்.

"தாய்ப்பால்ல இருக்குன்னியே. என் பால்லயும் இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. இல்லாம? நான் குடிச்சது அதத்தானே."

அகத்தாவின் முகம் கொஞ்சம் இளகியது. உடனே அடுத்த கேள்வியைக் கேட்டாள். கேட்டிருக்க வேண்டாம்.

"சரி, மணியே வேறங்கிற, உருவம் ஒண்ணுங்கிற. அப்ப ரெண்டும் ஒரு வயித்துல பொறந்ததா? இல்ல, ஒரே வேலையச் செஞ்சு செஞ்சு ஒரே மாதிரி ஆயிடுச்சா?"

கேதரினுக்குப் பொய் வராது. அகத்தாதான் அப்படி வளர்த்தாள். "ரெண்டு மாதிரியும் நடக்கலாம்மா. இன்னும் முடிவாச் சொல்ல முடியல. ஆனா இவ்ளோ ஒத்துப்போறது தானா வந்துடாது, ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முந்தி ரெண்டுக்கும் ஒரே மூதாதை இருந்திருக்கணும்னுதான் நெறையப் பேரு நெனைக்கிறாங்க."

"அப்ப ரத்தந்தான்."

"என்னாது?"

"ஒண்ணுமில்ல. தண்ணிய மாத்து, சேறு இன்னும் வருது."

புத்தாண்டு கழிந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் கரங்கானுக்குப் புறப்பட்டார்கள். வரமாட்டேன் என்று அகத்தா மூன்று நாள் சொன்னாள். அன்று காலையில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு முதலில் வாசலில் நின்றவளும் அவள்தான். சுங்கை பட்டாணியில் ஒரு பஸ் மாறி, கூலிமில் இன்னொன்று மாறினார்கள். ஜன்னலுக்கு வெளியே பால்மரம் முடிந்து செம்பனை வந்தது, செம்பனை முடிந்து மறுபடி பால்மரம் வந்தது.

"ம்மா," என்றாள் கேதரின். "அன்னிக்கு நான் புரதத்தப் பத்தித்தான் சொன்னேன்."

"நானும் புரதத்தப் பத்தித்தான் கேட்டேன்."

"இல்ல. நீ வேற கேட்ட. எனக்கு ராத்திரி படுத்தப்பதான் ஒறைச்சிச்சு."

"ஒறைச்சா தண்ணி குடி."

கேதரின் அகத்தாவின் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். அகத்தா இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் முகத்தை ஜன்னல் பக்கமே வைத்திருந்தாள்.

ஆ செங் சாலையோரம் காத்திருந்தார். காய்கறிப் பாத்திகளுக்கு நடுவில் தகரக் கூரை வீடு. வாசலில் ஒரு பெண் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் திரும்பியபோது அகத்தாவின் கால் நின்றுவிட்டது. கேதரின்! அதே நெற்றி, அதே சின்னக் கண், சிரித்தால் ஒரு பக்கம் ஏறுகிற அதே உதடு. ஆ செங்கின் தங்கை. அவளும் கேதரினும் ஒருவரையொருவர் கண்ணாடியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டார்கள். தொடக்கூட இல்லை.

உள்ளே நாற்காலியில் அந்தத் தாய் இருந்தார். சின்ன உருவம். காலை ஒரு முக்காலியில் தூக்கி வைத்திருந்தார். பாதம் வீங்கிப் பழுத்திருந்தது. கேதரினைப் பார்த்ததும் நாற்காலியின் கையைப் பிடித்து எழப் பார்த்தார். பிறகு மலாயில், பாசார் மலாயில், "உட்காரு, உட்காரு," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த வீட்டுப் பாஷை கேதரினுக்குத் தெரியாது. அவள் பாஷை அவர்களுக்குத் தெரியாது. ஆரஞ்சுப் பழமும் தேநீரும் வந்தன. எல்லாரும் பழத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அகத்தா ஓரமாக ஒரு ஸ்டூலில் இருந்தாள். முகங்களை எண்ணிப் பார்த்தாள். அண்ணன், தங்கை, தாய், சுவரில் செத்துப்போன தகப்பனின் படம். எல்லாம் ஒரே பாத்தியில் முளைத்த கீரை. தான் மட்டும் வேறு செடி. எழுந்து வெளியே போய்விடலாமா என்றிருந்தது.

அப்போது கேதரின் அந்த வீங்கிய பாதத்தைப் பார்த்தாள்.

"இது எத்தன நாளா?" என்று ஆ செங்கிடம் மலாயில் கேட்டாள்.

"ரொம்ப நாளா. மருந்துக் கடையில எண்ணெய் வாங்கித் தேய்க்கிறோம்."

"டாக்டர்?"

"வரமாட்டேங்கிறாங்க."

கேதரின் எழுந்தாள். வலது கையை இடுப்பில் வைத்தாள். தலையைக் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்த்து, மோவாயை வாசல் பக்கம் ஒரு வெட்டு வெட்டினாள். "வரமாட்டேங்கிறாங்கன்னா விட்டுடுறதா? நீங்க எதுக்கு இருக்கீங்க, பழம் உரிக்கவா? நாளைக்குக் காலையில கூலிம் ஆஸ்பத்திரி. வரலன்னு சொல்லாதீங்க, தூக்கிட்டுப் போங்க. கால் போன பெறகு எண்ணெயக் குடிக்கவா போறீங்க?"

மலாயில் சொன்னாலும் அதில் தமிழ்க் காரம் இருந்தது. ஆ செங் எழுந்து நின்றுவிட்டார். தங்கைக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தத் தாய் கேதரினைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி ஓரத்து ஸ்டூலைப் பார்த்தார். அகத்தா தன் கையைப் பார்த்தாள். அது தன் இடுப்பில் இருந்தது. எப்போது போனதென்று தெரியவில்லை. அவளும் எழுந்து நின்றிருந்தாள், தலை சாய்ந்திருந்தது, அதே வெட்டுக்கு மோவாய் பாதி தூரம் போயிருந்தது.

"சாமா," என்றார் அந்தத் தாய். ஒரே மாதிரி. பிறகு இன்னும் மெதுவாக, "சாமா மாச்சாம் மாக் டியா." அவ அம்மா மாதிரியே இருக்கா.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சொல்லி முடித்ததும் சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் மட்டும் தண்ணீர் வந்துவிட்டது. அதைப் பார்த்தபோது அகத்தாவுக்கு நெஞ்சு இரண்டாகப் போனது. இத்தனை வருஷம் கேட்கத் துடித்த பேச்சு. அதை இந்த அம்மாவின் வாயிலிருந்தா வாங்க வேண்டும்? தன் முகத்தை அப்படியே உரித்துக் கொடுத்தவள், கொடுத்த பிள்ளையைப் பார்த்து, உன் ஜாடை என்று இன்னொருத்தியிடம் சொல்கிறாளே.

அகத்தா போய் அந்த நாற்காலி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.  

அந்தத் தாய் மலாயில் கேட்டார். "அன்னிக்கு அழுதாளா? கொண்டு வந்தப்ப?"

"இல்ல. பசி. உடனே குடிச்சா."

"எனக்கும் நிக்கல," என்றார் அவர், தன் மாரைத் தொட்டுக் காட்டி. "பின்னாடி போயி, சாவி பாத்தியில பிழிஞ்சு விடுவேன். மாமனாருக்குத் தெரியாம."

சாவி என்றால் கடுகுக் கீரை. அகத்தா ஜன்னல் வழியே பாத்திகளைப் பார்த்தாள். பச்சைப் பசேல் என்று இருந்தன.

புறப்படும்போது அந்தத் தாய் கீரைக் கட்டு ஒன்றைப் பேப்பரில் சுற்றி, கேதரினிடம் கொடுக்காமல் அகத்தாவிடம் கொடுத்தார். அகத்தா வாங்கிக்கொண்டாள்.

பிப்ரவரியில் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்கு ஏசுதாசன் ஒரு வாடகைக் கார் பிடித்தார். கரங்கானிலிருந்து ஆ செங் தாயைக் கொண்டு வந்திருந்தார். ஆஸ்பத்திரியில் சொன்ன மருந்தில் வீக்கம் வடிந்து, தடி ஊன்றி நடந்தார். அவரை வரச் சொன்னது அகத்தாதான். எதற்கு என்று ஏசுதாசன் கேட்டார். "ரெண்டு பேரு பாத்தா பாரம் கொறையும்," என்றாள். குறையவில்லை.

கேதரின் இரண்டு அம்மாக்களின் காலையும் தொட்டாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனாள். கொஞ்ச தூரம் போய், கூட்டத்துக்கு நடுவில் நின்று திரும்பி, கையை உயர்த்தி ஆட்டினாள். யாரைப் பார்த்து ஆட்டினாள் என்று இங்கிருந்து சொல்ல முடியவில்லை. இரண்டு தாய்மார்களும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினார்கள். அவள் மறைந்த பிறகும் இருவருக்கும் கை இறங்கவில்லை; அடுத்தவள் முதலில் இறக்கட்டும் என்பது போல நின்றார்கள்.

கடைசியில் அகத்தாதான் இறக்கினாள்.

"சூடா மாக்கான்?" என்று கேட்டாள். சாப்பிட்டாச்சா?

அவர் தலையை ஆட்டினார். இல்லை.

"வாங்க," என்றாள் அகத்தா தமிழிலேயே, அந்தத் தடியை வாங்கித் தன் கைக்குள் இடுக்கிக்கொண்டு, அவருக்குத் தோளைக் கொடுத்தாள்.